பிந்தி அணைந்த பொறி

கமிநோ,
1976 ஜனவரி 18

அன்புள்ள தம்பி தோமேகிச்சிக்கும் மிட்சுவுக்கும்,

பனி கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. மாடி ஜன்னல் வழியாகத்தான் தெருவுக்கு இறங்குகிறோம். என் வயிற்றில் கத்தி வைத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. எடுத்த பித்தப்பைக் கல்லை டாக்டர் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார். சோயாமொச்சை அளவுதான் இருக்கிறது, அதற்குப் போய் நவம்பர் முழுக்கப் படுக்கையில் கிடந்தேன். ஒதாருவில் உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

புத்தாண்டு வாழ்த்து அட்டை வரவில்லை. தபால்காரன் வேறு, "என்னம்மா, ஹொக்காய்தோ தம்பிகிட்டேருந்து ஒண்ணும் காணோமே"ன்னு கேட்டுவிட்டுப் போகிறான். துக்க வீட்டுக்காரர்கள்தான் அட்டை போடமாட்டார்கள். அவர்களும் டிசம்பரிலேயே ஒரு வரி தெரிவித்துவிடுவார்கள். உங்களுக்கு என்ன வந்தது? எப்போதும் மிட்சுதானே எழுதுவாள், அவளுக்குக் கை வலியா? உன்னை எழுதச் சொன்னால் அடுத்த புத்தாண்டுக்குத்தான் வந்து சேரும், அது தெரிந்ததுதான். அவள் வருஷா வருஷம் போடும் நிஷின் மீன் ஊறுகாய்த் தொட்டியும் வரவில்லை. பிறந்த வீட்டுக்காரர்கள் யாரும் இங்கே இல்லாததால் எனக்குத்தானே அனுப்புவாள். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, கேட்டு வைத்தேன்.

உங்கள் இருவருக்கும் இது அறுபதாவது வருஷம், ஞாபகம் இருக்கிறதா? டிராகன் வருஷத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் செப்டம்பர் திருவிழாவில் கோயிலுக்கு வாணம் செலுத்த வேண்டும். உங்கள் வகுப்புக்காரர்களின் நாரைக் கூட்டத்தில் இருபது வயதில் விட்டது சின்ன வாணக் குண்டு. நாற்பத்திரண்டு வயதில் விட்டபோது நீங்கள் வரவில்லை. இந்தத் தடவை சாக்குச் சொல்ல முடியாது. செய்பவன் உங்கள் வகுப்புக் கன்சுகேதான். தன் கூட்டத்துக்குத் தானே செய்கிறேன் என்று இப்போதே மிதப்பில் திரிகிறான். முறை எப்போதும் போலத்தான்: முதலில் காலமானவர்களுக்கு வானத்தில் வெள்ளைப் பூ ஒன்று, பிறகு அறுபதைத் தொட்டவர்களுக்குச் சிவப்பில் பெரிய பூ. பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம்போல் இந்தக் கினு.

மிட்சுவுக்குப் பிடித்த முள்ளங்கி ஊறுகாய் இத்துடன் அனுப்புகிறேன். நீ எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதே. அவளிடம் சொல், செப்டம்பரில் கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க மூன்று தடவை திரும்பிப் போனால் கப்பல் காத்திருக்காது, அது பஸ் இல்லை.

குளிரில் ஜாக்கிரதை. இருவருக்கும் என் ஆசி.
அக்கா கினு


ஒதாரு,
1976 பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் உடம்பு தேறியது கேட்டுச் சந்தோஷம். அந்தக் கல்லைக் கடை அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டாதே.

ஊறுகாய் வந்தது. கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து மிட்சுவுக்கு வைத்துவிட்டுத்தான் நான் தொட்டேன்.

இங்கே மேட்டுத்தெரு முழுக்கப் பாளம் பாளமாக உறைந்து கிடக்கிறது. துறைமுகத்துப் பக்கம் போகவில்லை. கிடங்கு வேலையை விட்ட பிறகு அங்கே போய் என்ன செய்வது. மகன் ஹருவோ சப்போரோவிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்து போனான். மீன் ஊறுகாய் இந்தத் தடவை போட முடியாமல் போய்விட்டது, மன்னிக்கவும்.

மிட்சுவுக்கு இப்போது முழங்கால் வலி இல்லை.

அறுபதுக்குப் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கையில்லாச் சட்டை இரண்டையும் அவள் போன இலையுதிர் காலத்திலேயே தைத்து முடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தோமேகிச்சி


கமிநோ,
1976 மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கும் மிட்சுவுக்கும்,

பனி உருகி வாசல் படி கண்ணில் பட்டுவிட்டது. நானும் டோஃபுக் கடையில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். உங்கள் இருவர் நலமும் நல்லபடி என்று நினைக்கிறேன்.

மிட்சுவுக்கு முழங்கால் வலி போனது எப்படி? என்ன மருந்து? இத்தனை வருஷம் படி ஏறும்போதெல்லாம் "அம்மாடி அம்மாடி" என்றவளுக்கு எப்படி ஒரேயடியாக நின்றது? எனக்கும் இடது கால் பிடித்துக்கொள்கிறது. மருந்துப் பெயரை எழுதச் சொல். அப்படியே அந்த நிஷின் மீன் ஊறுகாய்ப் பக்குவத்தையும் எழுதச் சொல். இனி நானே போட்டுக்கொள்கிறேன், உங்களை நம்பிப் பிரயோஜனமில்லை.

கன்சுகே கொட்டகையில் வாணத்துக்கு மருந்துருண்டை உருட்ட ஆரம்பித்துவிட்டான். போன வாரம் டோஃபு கொடுக்கப் போனேன், பிடித்துக்கொண்டான். மிளகு அளவில் ஆரம்பித்து நாளுக்கு ஒரு பூச்சு பூசி, வெயிலில் காயவைத்து, மறுபடி பூசி... பாதி வருஷம் இதே வேலை. ஒவ்வொரு உருண்டையும் மேலே போய் ஒரு பொறியாக விரிந்து அணைவது நாலைந்து மூச்சு நேரம். "ஏண்டா, இதுக்கா இந்தப் பாடு"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அக்கா, விரியறதைப் பாத்துக் கை தட்டுறவன் வெளியூர்க்காரன். அணையறதைப் பாரு. அத்தனை பொறியும் ஒரே நேரத்துல, யாரோ சுவிட்சைத் தட்டின மாதிரி, பொசுக்குன்னு போகணும். அதுதான் வேலை. ஒண்ணு பிந்துச்சோ, மொத்தமும் நாசம்."

"யார்றா அந்த ஒண்ணைப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

இதையே ஒரு மணி நேரம் சொன்னான். என் டோஃபு வெயிலில் புளித்ததுதான் மிச்சம். போன வருஷம் பக்கத்து ஊரில் விட்ட பூவில் ஒரே ஒரு பொறி பிந்தியதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், அவன் பெண்டாட்டி சொன்னாள்.

மிட்சுவை இரண்டு வரி எழுதச் சொல். உன் கையெழுத்தைப் படித்து என் கண் போய்விட்டது.

அன்புடன்,
கினு


ஒதாரு,
1976 ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

மருந்து எதுவும் இல்லை. தானாக நின்றது.

ஊறுகாய்ப் பக்குவம்: காய்ந்த நிஷின் மீனை அரிசி கழுவின தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட். புளித்த அரிசி. உப்பு இரண்டு பெரிய கிண்ணம். மேலே கல் வைக்க வேண்டும். கல் எங்கள் வீட்டில் கொல்லைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளைப் பூவில் யார் பெயர், சிவப்பில் யார் பெயர் என்று யார் முடிவு செய்வது? வெளியூரில் இருக்கிறவர்கள் விஷயம் ஊருக்குத் தெரியாமலே போயிருந்தால் என்ன செய்வீர்கள்? சும்மாதான் கேட்டேன்.

இங்கே இன்னும் பூ வரவில்லை. மே மாதம் ஆகும்.

தோமேகிச்சி


கமிநோ,
1976 ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கும், பேனா பிடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மிட்சுவுக்கும்,

கோயில் குளக்கரையில் செர்ரி பூத்து, நேற்றைய மழையில் பாதி உதிர்ந்து, தண்ணீரே தெரியவில்லை. எனக்குக் கால் வலி தவிர ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

இரண்டு பெரிய கிண்ணம் உப்பா! என்னைக் கொல்லப் பார்க்கிறாயா? அவள் அடுப்படியிலிருந்து ஒன்று சொல்லியிருப்பாள், நீ பேப்பர் படித்துக்கொண்டே வேறொன்று எழுதியிருப்பாய். அவளிடம் காட்டினாயா இல்லையா? மீனைத் துண்டு போடுவதைக்கூட எழுதவில்லை. முழுசாகவா போடுவது? அந்தக் கல் கொல்லைக் கதவுக்குப் பின்னால் இருந்தால் எனக்கென்ன, வந்து தூக்கிக்கொண்டு போகவா?

நீ கேட்டதற்குப் பதில். குடும்பத்தார் சொல்வதுதான் கணக்கு. சொன்னதை நான் எழுதிக்கொள்கிறேன், வாசிக்கிறேன். சாமி முன்னால் வாசிப்பது, அதில் யாரும் விளையாடமாட்டார்கள். சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கோயில் வளைவுக்குக் கீழே நடப்பதில்லை என்பது உனக்குத் தெரியாததா. என் புருஷன் போர்முனையிலிருந்து வராமல் போய், அவர் கூட்டத்தார் வெள்ளை விட்டபோது, அவர் பெயரை இந்த வாயால்தான் வாசித்தேன். குரல் உடையவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பெயரையும் நான் தப்பாக வாசித்ததில்லை, இது ஊருக்கே தெரியும்.

உங்கள் கூட்டத்தில் வெள்ளைக்குரியவர்கள் பெரும்பாலும் போருக்குப் போன பையன்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர்கள்தான். ஏன் கேட்டாய்? ஹொக்காய்தோ பக்கம் நம் ஊர்க்காரர் யாராவது போய்விட்டாரா? தெரிந்தால் எழுது.

மே முடிவதற்குள் உங்கள் சம்மதம் வர வேண்டும்.

அக்கா


கமிநோ,
1976 ஜூன் 6

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. மே முடிந்துவிட்டது. ஒரு வரிகூட இல்லை. கீழ் வீட்டுக்காரர் டெலிபோனுக்கு அடித்தேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்றார். மிட்சுவைக் கூப்பிடுங்கள் என்றேன். அந்த மனுஷர் ஏதோ முனகினார். லைன் சரியில்லை, நான் கத்தினது மட்டும் எனக்கே திரும்பக் கேட்டது. வைத்துவிட்டேன்.

இருவருக்கும் சண்டையா? அறுபது வயதில் பிரிந்து வாழ்கிறீர்களா? இந்தக் காலத்தில் அதெல்லாம் நடக்கிறது என்று பத்திரிகையில் போடுகிறான். அப்படி ஏதாவது இருந்தால் நான் அவள் பக்கம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெயர்ப் பட்டியலை உனக்காக மூடாமல் வைத்திருக்கிறேன். கோயில் கமிட்டிக்காரர்கள் என்னை முறைக்கிறார்கள். இருவர் பெயரையும் எழுதவா வேண்டாமா? ஒரு வார்த்தை போதும்.

கினு


ஒதாரு,
1976 ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னிக்கவும். சண்டை எதுவும் இல்லை.

எங்கள் இருவர் பெயரையும் சிவப்பில் எழுது. தோமேகிச்சி, மிட்சு என்று அடுத்தடுத்து வர வேண்டும், நடுவில் வேறு யார் பெயரும் வேண்டாம். இது மட்டும் எனக்காகச் செய்.

திருவிழாவுக்கு வருகிறேன்.

இங்கே இப்போதுதான் கொல்லையில் பூ வந்திருக்கிறது. மிட்சு நட்டது. தண்ணீர் ஊற்றுகிறேன்.

மழைக்காலம், உன் காலைப் பார்த்துக்கொள்.
தோமேகிச்சி


கமிநோ,
1976 ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கும் மிட்சுவுக்கும்,

வெயில் சொல்ல முடியவில்லை, டோஃபு தண்ணீரை நாளுக்கு நாலு தடவை மாற்றுகிறேன். எனக்கு உடம்பு தேவலை. நீங்கள் நலமாக வந்து சேர வேண்டும்.

மாடி அறையைக் கழுவிவிட்டேன். இரண்டு மெத்தையும் மூன்று நாளாக வெயிலில் கிடக்கின்றன. மிட்சுவுக்கு மெல்லிசுத் தலையணை, ஞாபகம் இருக்கிறது. மைதானத்தில் உங்கள் கூட்டத்துக்குப் பலகை மேடையில் நடு இடம். நான் ஒலிபெருக்கிக் கோபுரத்தில் இருப்பேன். உங்கள் முறை முடிந்ததும் கீழே வந்து சாப்பாட்டைக் கொடுப்பேன். கத்தரிக்காய்ப் பொரியல், காளான் சோறு, மிட்சுவுக்கு இனிப்பு முட்டை.

கன்சுகே குண்டைக் கட்டி முடித்துவிட்டான். மேலே காகிதம் ஒட்டின கையோடு வந்து, கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் மது கேட்டான்.

"எப்படிடா வந்திருக்கு?"

"வெடிச்சாத்தான் தெரியும். தெரிஞ்ச உடனே இல்லாம போயிடும். என்ன பொழப்புக்கா இது?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். உங்கள் வகுப்பில் எல்லோருமே இப்படித்தானா?

கப்பல் நீகாதாவுக்கு வரும் நேரத்தை எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன். கிளம்பும்போது கேஸ் பார்க்கிற வேலையை முதல் நாளே முடித்துக்கொள்ளச் சொல்.

காத்திருக்கும்,
அக்கா


ஒதாரு,
1976 ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நலம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உனக்கு அன்று ஆயிரம் வேலை இருக்கும். நேரே மைதானத்துக்கு வந்துவிடுகிறேன்.

தோமேகிச்சி


கமிநோ,
1976 செப்டம்பர் 17

தோமேகிச்சிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. காலையில் நான் எழுவதற்குள் மெத்தையை மடித்து வைத்துவிட்டுத் திருடன் மாதிரி முதல் பஸ்ஸில் போய்விட்டாய். அன்று ராத்திரி நானும் எதுவும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நேரில் திட்ட முடியாததை இப்போது எழுதித் திட்டுகிறேன், ஒழுங்காகப் படி.

கோபுரத்திலிருந்து உன்னைப் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரும் வருகிற வளைவு வழியாக வராமல், வயல் வரப்பில் சுற்றிச் சேறு மிதித்து வந்தாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டது, குறுக்கே வருகிறான் என்று நினைத்தேன். மிட்சு கூட்டத்தில் எங்கேயோ பின்தங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

வெள்ளை போனது. பிறகு சிவப்புக்கு வாசித்தேன். நீ கேட்டபடியே, "தோமேகிச்சி, மிட்சு" என்று சேர்த்து வாசித்தேன். அதோடு விட்டேனா? எழுதாததையும் சேர்த்துச் சொன்னேன். "ஹொக்காய்தோவிலிருந்து ஜோடியாக வந்திருக்கிறார்கள், இருவரும் நூறு வயது வாழட்டும்!" மைதானமே கை தட்டியது. செத்துப்போனவளை நூறு வயது வாழச் சொல்லி வாழ்த்தினேன், ஒலிபெருக்கியில், சாமி முன்னால்!

குண்டு போனது. அப்படி ஒரு பூவை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வானம் முழுக்க விரிந்து, சிவப்பு பொன்னாகி, கன்சுகே சொன்னபடியே பொசுக்கென்று எல்லாம் ஒன்றாக அணைந்தது. ஒன்று தவிர. ஒரே ஒரு பொறி, இடது ஓரத்தில், தனியாக எரிந்துகொண்டு கொஞ்ச தூரம் இறங்கி வந்து, பிறகு அணைந்தது.

நான் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கன்சுகே உங்கள் மேடைக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் கரி.

"மன்னிச்சுக்கங்கப்பா. ஒண்ணு பிந்திருச்சு. நம்ம கூட்டத்துக்குப் போய் இப்படி ஆயிருச்சே."

நீ சிரித்தாய். நீ மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"விடுடா கன்சுகே. மிட்சு கேஸ் மூடியிருக்கான்னு பாக்கத் திரும்பிப் போயிருக்கா."

அவனும் சிரித்தான். "இன்னும் அந்தப் பழக்கம் போகலையா? எங்க அவ?"

நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "ஆமா, எங்கடா அவ? முட்டை ஆறிப்போகுது."

உன் பக்கத்துத் திண்டில் இன்னொரு சிவப்புச் சட்டை மடித்து வைத்திருந்தது. நீ அதன் மேல் கையை வைத்தாய்.

"போன நவம்பர்ல, அக்கா."

அவ்வளவுதான் சொன்னாய். நான் சாப்பாட்டுப் பெட்டியாலேயே உன் தோளில் அடித்தேன். அத்தனை பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். கன்சுகே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஊறுகாய் அனுப்பினேன். மருந்து கேட்டேன். பேனா பிடிக்கமாட்டாள் என்று கேலி செய்தேன். ஜனவரியிலிருந்து ஒரு பிணத்தோடு என்னை வம்பளக்க விட்டிருக்கிறாய். ஏண்டா? என் புருஷன் பெயரையே வாசித்தவள் நான். மிட்சு பெயரை வெள்ளைக்கு வாசிக்க எனக்குத் தெம்பிருக்காது என்று நினைத்தாயா? வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் உட்கார்ந்து அழுதேன், நீ மாடியில் கேட்டிருப்பாய்.

எப்படிப் போனாள்? ஏன் சொல்லவில்லை? இரண்டுக்கும் பதில் எழுது. "நலம்" என்று ஒரு வரி எழுதினாயானால் கப்பல் ஏறி வந்துவிடுவேன்.

கினு


ஒதாரு,
1976 அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் இன்னும் வலிக்கிறது. நியாயம்தான். உன் கால் எப்படி இருக்கிறது?

பதில் எழுத இவ்வளவு நாளானது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நவம்பர் இருபதாம் தேதி. உன்னைப் பார்க்க வருவதற்குத்தான் கிளம்பினோம். உனக்கு ஆபரேஷன் ஆனதைக் கேட்டதிலிருந்து அவள் ஒரே பிடியாக இருந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். "கேஸை மூடினேனா?" என்றாள். "மூடினே, நான் பாத்தேன்" என்றேன். நான் பார்க்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். திரும்பிப் போனாள். பஸ் வந்தது. டிரைவரை நிற்கச் சொல்லிவிட்டுத் தெரு மேட்டைப் பார்த்து, "சீக்கிரம் வாயேண்டி, உன்னால எப்பவும் இதே ரோதனை"ன்னு கத்தினேன். பஸ் போய்விட்டது. திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஏறினேன். அடுப்புக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி சாய்ந்திருந்தாள். கை குழாய்த் திருகில் இருந்தது. இருதயம் என்றார்கள். கேஸ் மூடித்தான் இருந்தது.

நீ தையல் பிரிக்காமல் படுத்திருந்தாய். இப்போது சொல்ல வேண்டாம் என்றான் ஹருவோ, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஜனவரியில் சொல்லலாம் என்று இருந்தேன். அப்போது உன் கடிதம் வந்தது. "நீ எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதே" என்று எழுதியிருந்தாய். படித்ததும் என்னை அறியாமல் அடுக்களைப் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றேன். இங்கே எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசினார்கள், அவள் பெயரையே எடுப்பதில்லை. உன் கடிதத்தில் மட்டும் அவள் திட்டு வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு, நன்றாக இருந்தாள். இன்னும் ஒரு கடிதம் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே செப்டம்பர் வந்துவிட்டது.

சிவப்புச் சட்டையைத் தைத்துவிட்டு அறுபதுக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். அவளை வெள்ளையில் கேட்க எனக்குத் தெம்பில்லை, அக்கா. தெம்பில்லாதது உனக்கல்ல. ஒரு தடவை, அந்த நாலு மூச்சு நேரமாவது, அவள் சிவப்பில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நீ நூறு வயது வாழச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய்யென்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. சாமிக்கு என்ன சொல்ல வேண்டுமோ நீயே சொல்லிவிடு, உன் பேச்சைக் கேட்கும்.

நவம்பரில் முதல் வருஷத் திதி. ஊறுகாய்த் தொட்டி ஒன்றை நானே போட்டிருக்கிறேன். அவள் கல்லைத்தான் வைத்தேன். உப்பு சரியா என்று தெரியவில்லை. தயாரானதும் அனுப்புகிறேன்.

தோமேகிச்சி


கமிநோ,
1976 டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. என் கால் பனிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ தனியாக இருக்கிறாய், ராத்திரியில் கணப்பைக் குறைக்காதே, ஒழுங்காகச் சாப்பிடு.

திதியன்று இங்கேயும் விளக்கேற்றி, இனிப்பு முட்டை செய்து வைத்தேன். தொட்டி வந்தது. உப்பு வாயில் வைக்க முடியவில்லை. மீனை முழுசாகவே போட்டிருக்கிறாய். தண்ணீரில் அலசி அலசித் தினமும் தின்கிறேன், பாதி தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஒரு கிண்ணம் போதும்.

கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் சொல்லிவிட்டேன். தெரிந்து செய்ததில்லை, தம்பி முட்டாள், மன்னித்துவிடு என்றேன். அடுத்த செப்டம்பரில் மிட்சு பெயரில் வெள்ளைப் பூ ஒன்று, தனியாக. நான் வாசிக்கிறேன். குரல் உடைந்தால் உடையட்டும், நாலு பேர் கேட்கட்டும். நீ வளைவு வழியாக நேராக நடந்து வா.

கன்சுகேயிடம் சொல்லப் போனேன். அந்தப் பொறியை நினைத்து இன்னும் மருகிக்கொண்டிருந்தான். நீ எழுதியதை அவனிடம் சொன்னேன். பஸ், அடுப்பு, குழாய் எல்லாம். கொட்டகையில் மருந்துருண்டைத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அப்புறம் நான் கேட்டேன்.

"டேய், அவ வெள்ளையில ஒண்ணு மட்டும் பிந்தி அணையட்டும்."

"என்னக்கா சொல்றே! பொறந்ததுலேருந்து வேணும்னே ஒரு தப்பு செஞ்சதில்ல நான்."

"தப்பு இல்லடா. கேஸ் பாத்துட்டு வரணும் அவ."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு உருண்டையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"எல்லாத்தையும் ஒண்ணா அணைய வைக்கறதுகூட வந்துரும்க்கா. ஒண்ணை மட்டும் பிந்த வைக்கணும்னா, அதுக்கு இன்னிக்கே ஆரம்பிக்கணும்" என்றான்.

ஆரம்பித்துவிட்டான். அந்த ஒன்றைத் தனிக் கிண்ணத்தில் போட்டு, பெண்டாட்டியைக்கூடத் தொட விடுவதில்லையாம்.

புத்தாண்டு அட்டை இந்தத் தடவை நீயே எழுதிப் போடு, கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி. செப்டம்பரில் கப்பல் நேரத்தை முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வருவேன், வரவேண்டாம் என்று சொல்லாதே. மாடியில் ஒரு மெத்தைதான் போடுவேன்.

கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வா. பஸ் போனால் போகட்டும்.

அக்கா கினு